பேய்க்கதை நடைவழிகளை வெளியிடும் நகரச் சுற்றுலா அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். பழம்பெரும் நகரம் ஒன்றில், வழிகாட்டியின் துணையில்லாமல், கையில் ஒரு வரைபடத்தையோ கைப்பேசியில் ஒரு செயலியையோ மட்டும் வைத்துக்கொண்டு, அந்நகரத்தின் பேய்க்கதைகள் வழங்கும் இடங்களை ஒவ்வொன்றாக நடந்து பார்ப்பது இன்று பல நாடுகளில் பரவலாகிவிட்டது. அந்த நடைவழிகளைத் தொகுத்து வெளியிடுவோர் நீங்கள். அவற்றில் விரும்பி நடப்போரில் நானும் ஒருவன். பேய் உண்டா இல்லையா என்ற வழக்கை இந்த மடலில் நான் எழுப்பவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நீங்கள் எழுதித் தரும் பத்துப் பன்னிரண்டு வரிகளைப் பற்றியே என் வேண்டுகோள். எது ஆவணத்தில் இருக்கிறது, எது செவிவழியாக வந்தது, அந்தச் செவிவழிக் கதை எப்போது யார் வாயிலிருந்து புறப்பட்டது என்பவற்றை அந்த வரிகளுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.

வழிகாட்டியோடு போகும் நடையில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. கறுப்பு மேலங்கியும் கைவிளக்குமாக வரும் வழிகாட்டி கதைக்குக் கண், காது, மூக்கு வைத்துத்தான் சொல்வார், ஆனால் "இது நிஜமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிட்டால், அவர் சிரிக்கும் சிரிப்பிலேயே பாதி விடை கிடைத்துவிடும். அச்சடித்த வரைபடத்துக்கு அந்த முகம் இல்லை. தலைப்பில் நகராட்சியின் முத்திரையும் அடியில் சுற்றுலா அலுவலகத்தின் பெயரும் இருக்கும்போது, அங்கே எழுதப்பட்டதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். பின்னர் அதே வரிகள் பயணக் குறிப்புகளுக்குள் புகுந்து, நாலு பேர் எழுதியதால் அதுவே சான்றாகிவிடுகிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து உங்கள் அலுவலகமே அந்தக் குறிப்புகளைப் பார்த்து அடுத்த பதிப்பை எழுதினாலும் வியப்பதற்கில்லை.

நான் சொல்ல வருவதை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரின் மேரி கிங்ஸ் கிளோஸ் தெளிவாகக் காட்டும். ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து சரிவாக இறங்கிய குறுகலான சந்து அது. உள்ளே செல்ல வழிகாட்டியுடன் தனிச் சீட்டு வேண்டும் என்பதால், தானாக நடந்து வருபவர் மேலே தெருவில் நின்றபடிதான் கதையைப் படிப்பார். 1645-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது அந்தச் சந்தின் மக்களை உயிரோடு உள்ளே வைத்துச் சுவரெழுப்பி மூடிவிட்டார்கள், அவர்களின் ஆவிகள்தாம் இன்னும் அலைகின்றன என்ற கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. நடந்தது அதுவன்று. நோய் கண்டவர்களை வீட்டுக்குள் ஒதுக்கி வைத்தார்கள். அவர்களுக்கு உணவு கொடுத்தனுப்பினார்கள். பலரை ஊருக்கு வெளியே பர்க் மியூர் என்ற திறந்த வெளியில் குடிசைகளுக்குக் கொண்டுபோனார்கள். நகரம் அமர்த்திய முதல் கொள்ளைநோய் மருத்துவர் அதே நோயில் இறந்துபோக, அவர் இடத்துக்கு வந்த ஜார்ஜ் ரே தோல் அங்கியும் பறவை அலகு போன்ற முகமூடியும் அணிந்து நோயாளிகளிடம் போனார் என்பார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்; பேசிய ஊதியத்தை நகராட்சியிடமிருந்து பெறுவதற்குத்தான் பெரும்பாடு பட்டார். சந்து மூடப்பட்டதற்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை. 1753-இல் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தைத் தொடங்கியபோது, அங்கிருந்த வீடுகளின் மேல்தளங்களை இடித்துவிட்டு, கீழ்த்தளங்களைக் கடைக்காலாக வைத்துக்கொண்டு மேலே கட்டினார்கள். இன்று அந்தக் கட்டடம்தான் நகர மன்றம்.

அதே சந்தில் இன்னும் இரண்டு கதைகள் இருக்கின்றன. தாமஸ் கோல்ட்ஹார்ட் என்ற வழக்கறிஞரும் அவர் மனைவியும் அங்கே குடிவந்தபோது, தாடி வைத்த ஒரு தலையும் உடலற்ற ஒரு கையும் காற்றில் மிதந்ததைக் கண்டார்கள் என்ற கதை 1685-இலேயே அச்சேறிவிட்டது. தாய் தந்தையரைப் பிரிந்து பொம்மைக்காக அழும் ஆனி என்ற சிறுமியின் கதையோ 1992-இல்தான் பிறந்தது. ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் ஜப்பானியப் பெண்மணி ஒருவர் அந்த ஆண்டு அங்கே வந்தார்; ஓர் அறைக்குள் நுழைய முடியாமல் தடுமாறி, உள்ளே ஒரு குழந்தை இருப்பதாகச் சொல்லி, ஒரு பொம்மையை வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனார். அதன்பின் வருகிறவர்கள் எல்லாம் அங்கே விளையாட்டுப் பொருள்களை வைக்கத் தொடங்கினார்கள். கோல்ட்ஹார்ட் கதை மூன்று நூற்றாண்டுகளைத் தாண்டியது; ஆனியின் கதையோ நம்மில் பலரை விட வயதில் இளையது. வரைபடத்தில் இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே தொனியில், "இங்கே நடமாடுவதாகச் சொல்லப்படுகிறது" என்ற ஒரே முடிவோடு வரும்போது, படிப்பவருக்கு இரண்டும் கொள்ளைநோய்க் காலத்தவையாகவே தோன்றும். அதே ஊரின் கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்திலும் இதே நிலைதான்: அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்து, திருச்சபையில் மன்னரின் தலையீட்டை எதிர்த்த கவனன்டர் பிரிவினரை வதைத்த ஜார்ஜ் மெக்கன்சி 1691-இல் இறந்தார், அவர் ஆவி வருகிறவர்களைக் கீறுகிறது, தள்ளுகிறது என்ற பேச்சோ 1990-களின் இறுதியில்தான் கிளம்பியது. இந்த முந்நூறு ஆண்டு இடைவெளியைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டாமா?

கதையின் தொடக்கத்தைச் சொல்லிவிட்டால் அச்சம் போய்விடும், அச்சம் போனால் நடைக்கு ஆளே வராது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இங்கிலாந்தின் யார்க் நகரில் உள்ள டிரெஷரர்ஸ் ஹவுஸ் இதற்கு நல்ல மறுப்பு. யார்க் பேராலயத்தின் அருகே உள்ள அந்த வீட்டின் நிலவறையில் 1953-இல் ஹேரி மார்ட்டிண்டேல் என்ற தொழில் பழகும் இளைஞர் ஏணியில் ஏறி நின்று வெப்பமூட்டும் குழாய் வேலையைச் செய்துகொண்டிருந்தார். எங்கோ ஒரு எக்காள ஒலி கேட்டது. அது நெருங்கி வந்தது. சுவரிலிருந்து தலைக்கவசம் அணிந்த ஒரு போர்வீரர் வெளியே வந்தார். பின்னால் ஒரு குதிரை, அதற்குப் பின்னால் களைத்துப் போன வீரர்களின் வரிசை. மார்ட்டிண்டேல் ஏணியிலிருந்து விழுந்து ஒரு மூலையில் ஒடுங்கினார். வீரர்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. தரையைத் தோண்டியிருந்த இடத்துக்கு வந்தபோதுதான் அவர்களின் கால்கள் தெரிந்தன. அந்தத் தரைக்குக் கீழேதான் ரோமானியர் காலத்துச் சாலை இருந்தது. கேட்டவர்கள் சிரித்ததால் அவர் பல ஆண்டுகள் இதைப் பொதுவில் பேசவில்லை. 1970-களில்தான் செய்தி வெளியே பரவியது. இடையில் அவர் காவல்துறையில் சேர்ந்திருந்தார்.

இந்தக் கதையை உலகம் முழுதும் திரும்பத் திரும்பச் சொல்லுவதற்குக் காரணம் என்ன? சொன்னவரின் பெயர், அவர் செய்த வேலை, ஆண்டு, அவர் எத்தனை காலம் வாய் திறக்கவில்லை என்பது வரை எல்லாம் தெரியும் என்பதால்தான் அது கேட்பவரைப் பிடித்துக்கொள்கிறது. பெயரும் காலமும் இல்லாத "வெள்ளைச் சேலைப் பெண்" கதைகளை எந்த ஊர் வரைபடத்தில் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஆகவே அவை எந்த ஊருக்கும் சொந்தமில்லை. (ஒவ்வொரு பழைய விடுதிக்கும் ஒரு சாம்பல் நிறப் பெண்மணியை ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் தொகுப்பாளர்களை நான் அறிவேன்.)

துன்பம் உண்மையாக நிகழ்ந்த இடங்களில் இந்தக் கவனக்குறைவு வெறும் சலிப்போடு நிற்பதில்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ராயல் தெருவில் உள்ள லலோரி மாளிகை ஏறத்தாழ எல்லாப் பேய் நடைவழிகளிலும் இடம்பெறுகிறது. 1834 ஏப்ரல் 10 அன்று அங்கே தீப்பற்றியபோது, வீட்டின் உரிமையாளரான சீமாட்டி டெல்ஃபின் லலோரி அடிமைகளாக வைத்திருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டும் வதைக்கப்பட்டும் கிடந்ததை ஊர் கண்டது, சினங்கொண்ட கூட்டம் வீட்டைச் சூறையாடியது, அவர் தப்பியோடினார். அந்நாளைய செய்தித்தாள்களிலேயே இவ்வளவும் உள்ளது. இதற்கு மேல் விரிவாகச் சொல்லப்படும் கொடூர அறுவைக் காட்சிகள் பலவும் இருபதாம் நூற்றாண்டில் எழுதிச் சேர்க்கப்பட்டவை. உண்மையே போதுமான அளவு கொடியதாக இருக்கும் ஓரிடத்தில், கற்பனையைக் கூட்டி விற்பது அந்த மனிதர்களை இன்னொரு முறை பொருளாக்குவதாகும். இறந்தவர்களில் ஒருவரின் பெயராவது தெரியுமென்றால் பேயின் பெயருக்கு முன்னால் அதை எழுதுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள்.

இடத்தைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். 1692-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் உள்ள சேலம் என்ற ஊரில் சூனியக் குற்றம் சாட்டித் தூக்கிலிடப்பட்ட 19 பேர் இறந்த இடம் அங்குள்ள ஒரு குன்றின் உச்சி என்றே பலகாலம் நம்பப்பட்டது. குன்றின் அடிவாரத்தில் உள்ள பிராக்டர்ஸ் லெட்ஜ்தான் அந்த இடம் என்று ஆய்வாளர்கள் 2016-இல் உறுதி செய்தார்கள். மறு ஆண்டு அங்கே நினைவிடம் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி இருப்பவை மக்கள் குடியிருக்கும் வீடுகள்.

குடியிருப்போரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் வழிகாட்டி நடத்தும் நடைக்குழு ஒன்றில் 28 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இரவு 10 மணிக்குப் பின் நடத்தக் கூடாது என்ற விதிகள் உண்டு. தனியே செயலியோடு வருபவரை எந்த விதியும் கட்டுவதில்லை. நள்ளிரவில் ஒரு வீட்டின் எதிரே நின்று, ஒலிப்பதிவைச் சத்தமாக வைத்து, கைப்பேசி விளக்கை மாடி ஜன்னலில் அடித்துப் பார்ப்பவரிடம் "போதும், நகருங்கள்" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அதை உங்கள் வரிகள்தாம் சொல்ல வேண்டும். வீடு தனியாருடையதா, எந்த நேரத்துக்கு மேல் அந்தத் தெருவைத் தவிர்க்க வேண்டும், எந்த வாயில் எப்போது பூட்டப்படும் என்பனவற்றைக் கதைக்கு முன்னால் எழுதுங்கள். அதே நகரின் செயின்ட் லூயிஸ் முதலாம் கல்லறைத் தோட்டத்தில் வூடூ மந்திரக்காரியாகப் பெயர்பெற்ற மரி லவோவின் கல்லறைக்கு 2013-இல் யாரோ இளஞ்சிவப்பு வண்ணம் பூசிவிட்டார்கள். இதுபோன்ற சிதைவுகளுக்குப் பின் 2015 முதல் அனுமதி பெற்ற, அங்கே அடக்கமானவர்களின் குடும்பத்தினரும் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு வருவோரும் மட்டுமே நுழையலாம். அதன் பின்னும் அந்தத் தோட்டத்தைத் தனிநடையின் நிறுத்தமாகக் காட்டும் வரைபடம், வருகிறவரைப் பூட்டிய கதவின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இவ்வளவையும் பத்து வரிக்குள் அடக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். செக் நாட்டின் தலைநகரான பிராகின் பழைய நகரச் சதுக்கத்தில், தரையில் பதித்த 27 வெள்ளைச் சிலுவைகளின் அருகே வைக்க ஒரு குறிப்பை நானே எழுதிப் பார்த்தேன்: "1621 ஜூன் 21 அன்று, பேரரசருக்கு எதிரான கிளர்ச்சியின் தலைவர்கள் 27 பேர் இங்கே கொல்லப்பட்டனர். அவர்களுள் 12 பேரின் தலைகள் பாலக் கோபுரத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தொங்கின. இவை வரலாறு. ஆண்டுதோறும் அதே இரவில் அவர்கள் திரும்பி வந்து, சதுக்கத்தின் வானியல் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துச் செல்வதாக ஊரில் ஒரு கதை வழங்குகிறது." நான்கே வாக்கியங்கள். வரலாறும் கதையும் ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே நிற்கின்றன; அந்தச் சதுக்கத்தில் இரவு நிற்பவருக்கு உடல் சிலிர்ப்பதும் குறையாது.

அடுத்த பதிப்பை அச்சுக்கு அனுப்பும் முன், ஒவ்வொரு நிறுத்தத்தின் வரிகளையும் உங்கள் நகர ஆவணக் காப்பகத்தில் பணிபுரியும் ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். வரைபடத்தின் ஓரத்தில் அது எந்த மாதம் சரிபார்க்கப்பட்டது என்பதையும், பிழை கண்டவர் எழுத வேண்டிய முகவரியையும் சேருங்கள். செயலியில் இந்தத் திருத்தங்களை அச்சுக்குக் காத்திராமல் இப்போதே செய்யலாம்.

இப்படிக்கு,
உங்கள் நடைவழிகளில் நடக்கும் ஒரு வாசகன்