மணலில் எழுதிய வாய்ப்பாடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஆடிப்பெருக்கன்று உன் பங்குக் காப்பரிசியை அம்மா இரவுவரை மூடி வைத்திருந்தாள். உன் போன் பழுதோ என்று தம்பியிடம் கேட்டேன். அவனோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாயாம். சரி, நன்றாக இருந்தால் போதும். ஓசூர்க் குளிர் தொண்டைக்கு ஆகாது, வெந்நீர் குடி.

மே மாதம் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு, நீ வகுப்பு நடத்தும் விதத்தைப் பற்றி, "பலகை நிறையப் படம் போடுவது பாடமா? வாத்தியார் குரல் தெருவரை கேட்க வேண்டாமா?" என்றேன். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். பெரியவன் சொன்னால் அவ்வளவு கோபமா என்று அன்று நினைத்தேன்.

எனக்கு எதுவும் காது வழியாகத்தான் ஏறும். கண்ணை மூடியபடியே, நாற்பது பிள்ளைகள் சேர்ந்து சொல்லும்போது எவன் தடுக்கினான் என்று சொல்லிவிடுவேன். அதனால் முப்பத்திரண்டு வருடமும் ராகம் போட்டே நடத்தினேன். 2007-ல் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தபோது அதன் பாட அட்டைகளை பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து தாங்களாகப் பேசிப் படிக்கும் இரைச்சலை என் காது பொறுக்கவில்லை. எனக்கு வசதியான வழியையே பாடம் என்று நம்பிவிட்டேன்.

உனக்குக் கண். நீ அனுப்பிய செம்பருத்திப் படத்தை நேற்றும் பார்த்தேன். சூலகம் தனி நிறம், மகரந்தத்தாள் தனி நிறம். அப்படி ஒரு பலகை என் கைக்கு வந்ததே இல்லை. ஆனால் பலகையைப் பார்த்தே நின்றுவிடாதே, பாப்பா. பூவைக் கையில் கொடு, பிரித்துப் பார்க்கட்டும். செய்யுளை வாய்விட்டுப் படித்துக் காட்டு. லிட்டரை ஊற்றி அளக்க விடு. பார்த்துப் படிப்பவன், கேட்டுப் படிப்பவன் என்று ஆசிரியர் பயிற்சியில் பிள்ளைகளைப் பிரிக்கச் சொன்னதாகச் சொன்னாயே, அது வேண்டாம். 2008-ல் நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் அதை ஆராய்ந்து, அப்படிப் பிரித்து நடத்துவதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதியதைத் தம்பி படித்துக் காட்டினான். எல்லாருக்கும் எல்லா வழியையும் திறந்து வை. தொண்டையைப் பார்த்துக்கொள். வெந்நீர் குடி.

நான்காம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு சொல்ல வராமல் நீ நின்றாய். வாத்தியார் மகளே இப்படியா என்ற அவமானத்தில் உன்னைப் புங்கமரத்தடிக்கு அனுப்பினேன். மணி அடித்ததும் வந்து பார்த்தேன். குச்சியால் மணலில் எழுதி வைத்திருந்தாய். ஏழு மட்டுமல்ல, பதினாறாம் வாய்ப்பாடுவரை, ஒரு பிழை இல்லை. "எழுத யார் சொன்னது? வாயால் சொல்" என்று காலால் அழித்தேன். அழிக்கும்போதே எல்லாம் சரி என்று எனக்குத் தெரியும். இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நீ மறந்திருக்க மாட்டாய்.

போனில் பேசப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம். ஒரு வரி எழுது.

அப்பா