19-க்கு 1: ஒரு லிபர்ட்டி ரசிகையின் நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

வியாழக்கிழமை ஊர்வலத்தில் கத்தியதில் தொண்டை கட்டிப்போய்விட்டது, பேச்சே வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான WNBA-வில் எங்கள் டீம் நியூயார்க் லிபர்ட்டி கோப்பையை ஜெயித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஊர் மொத்தமும் டீமின் நட்சத்திரங்களான ப்ரியானா ஸ்டூவர்ட்டுக்கும் சப்ரினா அயனெஸ்குவுக்கும் நன்றி சொல்லி முடித்துவிட்டது. சொல்ல வேண்டியதுதான், நானும் சொல்கிறேன். ஆனால் 2024 அக்டோபர் 20 ராத்திரி நடந்த, ஃபைனலின் அந்த ஐந்தாவது, கடைசி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சப்ரினா 19 முறை எறிந்தார், ஒன்றுதான் உள்ளே விழுந்தது. ஸ்டூவர்ட் 15-க்கு 4. இரண்டு பேரையும் கூட்டினால் 34 எறிவில் 5 கூடை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மேட்ச்கூட ஜெயிக்க முடியாது, நாங்கள் சாம்பியன் ஆனோம். அப்படியென்றால் அன்றைக்கு வேறு யாரோ தூக்கிச் சுமந்திருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் இந்த மடல். தமிழில் எழுதினால் அவர்களில் ஒருவர்கூடப் படிக்கப்போவதில்லையே என்கிறாள் என் மகள். பரவாயில்லை, மனசாரச் சொல்கிற நன்றி எனக்கு இந்த மொழியில்தான் வரும்.

முதலில் என் பக்கத்து இருக்கை அம்மாவுக்கு. பெயரைப் போட்டால் திட்டுவார், போடவில்லை. லிபர்ட்டி ஆடுகிற பார்க்லேஸ் சென்டரின் மேல் அடுக்கில், கூரைக்குப் பக்கத்தில் என்று சொல்லலாம், அங்கேதான் எங்கள் இருவருக்கும் இடம். 1997-இல் லீக் ஆரம்பித்தபோது இருந்த எட்டு டீம்களில் லிபர்ட்டியும் ஒன்று, லீக்கின் முதல் ஆட்டத்தையே லாஸ் ஏஞ்சலஸ் டீமின் சொந்த அரங்கத்தில் போய் 67-57 என்று ஜெயித்தவர்கள். அன்றிலிருந்து இவர் ரசிகை. அப்புறம் 1997, 1999, 2000, 2002, 2023 என்று ஐந்து ஃபைனல், ஐந்திலும் தோல்வி, ஐந்தையும் உட்கார்ந்து பார்த்த மனுஷி. 1999-இல் ஹூஸ்டனில் டெரீசா வெதர்ஸ்பூன் ஆடுகளத்தின் பாதியிலிருந்து கடைசி நொடியில் எறிந்து 68-67 என்று ஜெயிக்க வைத்த கதையை எனக்குக் குறைந்தது நாற்பது தடவை சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் அவர் கை தானாக மேலே போய் எறியும். அதற்கு அடுத்த நாளே கடைசி ஆட்டத்தில் தோற்றுக் கோப்பையை விட்டதை மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதை நானே தேடித் தெரிந்துகொண்டேன்.

என் கதை 2018-இல் ஒயிட் ப்ளெய்ன்ஸில் தொடங்குகிறது. மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆடிக்கொண்டிருந்த டீமை விற்கப்போகிறோம் என்று 2017 கடைசியில் அறிவித்துவிட்டு, வாங்க ஆள் வருவதற்கு முன்பே, ஊருக்கு வெளியே வெஸ்ட்செஸ்டர் கவுன்ட்டி சென்டர் என்கிற பழைய அரங்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணைச் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் விட்ட மாதிரி. கிராண்ட் சென்ட்ரலில் மெட்ரோ நார்த் ரயிலைப் பிடித்து, இறங்கி, நடந்து போக வேண்டும். எட்டு வயது மகளை வைத்துக்கொண்டு கோடை விடுமுறையில் என்ன செய்வதென்று தெரியாமல், டிக்கெட் மலிவு என்று போனதுதான், கூடைப்பந்து மேல் பெரிய காதல் எல்லாம் கிடையாது. அந்த வருஷம் 34 ஆட்டத்தில் 7 வெற்றி, அடுத்த வருஷம் 10. ஆனால் இடம் சின்னதாக இருந்ததில் ஒரு லாபம் உண்டு: ஷூ கீச்சிடுவது, கோச் கத்துவது, பெஞ்சில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது எல்லாமே காதில் விழும். குவீன்ஸில் வளர்ந்த டினா சார்ல்ஸ், பாதி காலியாகக் கிடந்த அந்த நாற்காலிகளுக்கு முன்னால், பெரிய ஃபைனல் ஆடுவது போலவே ஒவ்வொரு நாளும் ஆடினார். அவரைப் பார்த்துத்தான் என் மகள் பந்தைக் கையில் எடுத்தாள். இந்த வருஷம், சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கிற ப்ளேஆஃபின் முதல் சுற்றில் எங்களிடம் வந்து மாட்டியது அட்லாண்டா, அதில் யார் என்று பார்த்தால் டினா சார்ல்ஸ். 2-0 என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பினோம். டினா, நன்றி, கூடவே மன்னிப்பும்.

அந்த இரண்டு வருஷமும் ரயிலேறி வந்தவர்கள், உங்களில் பாதிப் பேரின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஊர்வலத்தில் மூன்று பேரைப் பார்த்தேன், கட்டிப்பிடித்துக்கொண்டோம், பெயர்கூடத் தெரியாது. நீங்களும் வராமல் இருந்திருந்தால் இந்த டீமைச் சத்தமில்லாமல் மூடியிருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பணக்காரர்களுக்கு நன்றி சொல்லி எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. இருந்தாலும் கிளாரா வூ சாய், ஜோ சாய் தம்பதிக்குச் சொல்லியாக வேண்டும். 2019 தொடக்கத்தில் டீமை வாங்கினார்கள், ப்ரூக்ளினுக்குக் கொண்டுவந்தார்கள். 2021-இல் லீக் விதியை மீறி டீமைத் தனி விமானத்தில் அனுப்பி, மாட்டிக்கொண்டு, 5 லட்சம் டாலர் அபராதம் வாங்கினார்கள். ஆறடி நாலு அங்குலம், ஆறடி ஆறு அங்குலம் என்று வளர்ந்த பெண்களைச் சாதாரண விமானத்தில் முழங்காலை மடக்கி உட்கார வைத்து, மறுநாள் போய் ஓடு குதி என்றால் எப்படி? இந்த வருஷம்தான் லீக்கே எல்லா டீமுக்கும் தனி விமானம் ஏற்பாடு செய்தது. விதியை மீறக் கூடாது என்று மகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள்தான் நானும். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

2020-ஐத் தாண்டிப் போகிறேன். புது வீராங்கனைகளை டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் சப்ரினாவை முதல் தேர்வாக எடுத்தார்கள், மூன்றாவது ஆட்டத்திலேயே கணுக்கால் போனது, கொரோனாவால் ஃப்ளோரிடாவில் பூட்டிய அரங்கத்துக்குள் 22 ஆட்டத்தில் 2 வெற்றி. அவ்வளவுதான். அங்கிருந்து ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கியவர் ஜெனரல் மேனேஜர் ஜோனதன் கோல்ப். 2023 தொடக்கத்தில் ஸ்டூவர்ட், ஜான்குவெல் ஜோன்ஸ், கோர்ட்னி வாண்டர்ஸ்லூட் மூன்று பேரையும் ஒரே சமயத்தில் கொண்டுவந்தார், அந்த வருஷம் ஃபைனலில் லாஸ் வேகாஸிடம் சொந்த மண்ணில் 70-69 என்று தோற்றோம், ஒரே ஒரு புள்ளி. இந்த வருஷமும் போன வருஷம் மாதிரியே 32 வெற்றி, 8 தோல்வி. அரையிறுதியில் அதே வேகாஸை 3-1 என்று முடித்துவிட்டு வந்தோம்.

அப்புறம் ஃபைனலில் மினசோட்டா லிங்க்ஸ். முதல் ஆட்டத்தில் 18 புள்ளி முன்னால் இருந்து, ஓவர் டைமில் 95-93 என்று தோற்றோம். வெளியே வரும்போது பதினேழாயிரத்துச் சொச்சம் பேரும் சாவு வீட்டிலிருந்து வருவது மாதிரி வந்தோம். இரண்டாவது ஆட்டத்தை மீட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர் பெட்னைஜா லேனி-ஹாமில்டன். ஜூலையில்தான் முழங்காலில் சிகிச்சை செய்துகொண்டவர், அந்தக் காலோடு 20 புள்ளி. இவரைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது என் நெடுநாள் புகார். மூன்றாவது ஆட்டம் மினியாப்போலிஸில், ஒரு நொடி மிச்சமிருக்கும்போது சப்ரினா 28 அடி தூரத்திலிருந்து எறிந்தது எல்லாரும் பார்த்ததுதான், 80-77. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் என்னவோ ஆகிவிட்டது என்று கீழ் வீட்டுக்காரர் பதறி மேலே ஓடி வந்தார். திட்டாமல், உட்கார்ந்து ரீப்ளே பார்த்துவிட்டுப் போனார். அவருக்கும் நன்றி. நான்காவது ஆட்டத்தில், இரண்டு நொடி இருக்கும்போது பிரிட்ஜெட் கார்ல்டன் போட்ட ஃப்ரீ த்ரோவில் தோற்றோம், அன்று கீழ் வீட்டுக்காரர் வரவில்லை.

ஐந்தாவது ஆட்டம். 18,090 பேர். ஆரம்பத்திலிருந்தே எதுவும் விழவில்லை, பாதி நேரத்தில் 34-27 என்று பின்னால். பக்கத்து அம்மா பேச்சை நிறுத்திவிட்டார், அவர் பேசவில்லை என்றால் நிலைமை மோசம். அப்போதுதான் பெஞ்சிலிருந்து நியாரா சபாலி எழுந்து வந்தார். 2022 டிராஃப்டில் எடுக்கப்பட்டு, முழங்கால் காயத்தால் முதல் வருஷம் முழுக்க ஒரு ஆட்டமும் ஆடாதவர், நட்சத்திரங்கள் நிறைந்த டீமில் சில நாள் சில நிமிஷம்தான் கிடைக்கும். அவர் அன்று கூடைக்கு அடியில் புகுந்து புகுந்து போட்ட 13 புள்ளி இல்லையென்றால் இந்த மடலே இல்லை. இன்னொரு 13, இன்னொரு ஜெர்மன்காரர், லியோனி ஃபீபிக். இந்த லீக்கில் அவருக்கு இதுதான் முதல் வருஷம். ப்ளேஆஃப் தொடங்கும்போது கோச் சாண்டி பிராண்டெல்லோ, வாண்டர்ஸ்லூட்டை உட்கார வைத்துவிட்டு இந்தப் பெண்ணை ஆரம்ப ஐவரில் இறக்கினார். வாண்டர்ஸ்லூட் யார்? 2021-இல் சிகாகோவோடு கோப்பை வாங்கியவர், லீக் வரலாற்றில் பிறருக்குப் பந்து கொடுத்துக் கூடை போட வைத்த கணக்கில் இவருக்கு மேலே ஒரே ஒருவர்தான். இந்த சீசன் நடுவில் அம்மாவை இழந்தவர். அப்படிப்பட்டவர் முகம் சுளிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் புதுப்பெண் ஒவ்வொரு முறை எறியும்போதும் முதல் ஆளாக எழுந்து நின்றார். எங்கள் ஆபீஸில் நாற்காலியை இரண்டடி நகர்த்தி வைத்ததற்கே ஆறு மாசம் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. கோர்ட்னி, உங்களுக்குத்தான் எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை.

5.2 நொடி பாக்கி, இரண்டு புள்ளி பின்னால், ஸ்டூவர்ட் கையில் இரண்டு ஃப்ரீ த்ரோ. முதல் ஆட்டத்தில் இதே மாதிரி நேரத்தில் ஒன்றைத் தவறவிட்டவர். எனக்குப் பார்க்கத் தெம்பில்லை, பக்கத்து அம்மா தன் கழுத்திலிருந்த பச்சை ஸ்கார்ஃபைக் கழற்றி என் கையில் திணித்து, முகத்தை மூடிக்கொள், நான் சொல்கிறேன் என்றார். ஒன்று, என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு. 60-60.

அந்த ஃப்ரீ த்ரோக்களை எங்களுக்குக் கொடுத்த ஃபவுல் சரியா என்று கேட்டால், மினசோட்டா கோச் ஷெரில் ரீவ் கோப்பையே திருடப்பட்டது என்கிற அளவுக்குப் பேசினார், ரீப்ளேயில் பார்த்தும் நடுவர்கள் மாற்றவில்லை. என் டீமுக்கு எதிராகக் கொடுத்திருந்தால் நான் இன்றைக்கும் கத்திக்கொண்டிருப்பேன், அதை ஒப்புக்கொள்கிறேன். லிங்க்ஸுக்கும் அவர்கள் நட்சத்திரம் நஃபீசா காலியருக்கும் நன்றி. ஜூனில், சீசன் நடுவில் நடந்த தனிப் போட்டியான கமிஷனர்ஸ் கப்பிலும் எங்களை அடித்தவர்கள் நீங்கள்தான், உங்களைத் தாண்டி வந்ததால்தான் இதற்கு இந்த ருசி.

ஓவர் டைமில் ஃபீபிக் முதலில் ஒரு த்ரீ பாயிண்டர், பிறகு சபாலி பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி ஒரு லேஅப். இரண்டு பேரும் சேர்ந்து கதையை முடித்துவிட்டார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் லிங்க்ஸ் எடுத்தது இரண்டே புள்ளி. 67-62. 17 புள்ளி எடுத்து ஃபைனலின் சிறந்த வீராங்கனையானார் ஜான்குவெல் ஜோன்ஸ், பஹாமாஸ் தீவிலிருந்து பள்ளி வயதில் தனியாகக் கிளம்பி வந்த பெண். 2019, 2022, 2023 என்று மூன்று ஃபைனல் தோற்றவர், நான்காவதில் எடுத்தார். அவர் அழுததைப் பார்த்து மேல் அடுக்கு முழுக்க அழுதது. சப்ரினா? எறிந்தது எதுவும் விழாதபோதும் தலையைத் தொங்கப்போடாமல் மற்றவர்களுக்குப் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். 19-க்கு 1 என்று சட்டையில் அச்சடித்தால் நான் வாங்கிப் போட்டுக்கொள்வேன்.

பிராண்டெல்லோவுக்குத் தனியாக ஒரு வரி: ஆகஸ்டில் பாரிஸில் ஆஸ்திரேலியாவுக்கு ஒலிம்பிக் வெண்கலம், அக்டோபரில் எங்களுக்குக் கோப்பை. எப்போது தூங்கினீர்கள்?

டீமின் வேஷக்கார பொம்மையான எல்லீ யானைக்கும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மகள் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். நீளப் பின்னல் போட்டு ஆடுகிற இந்த யானை 2021-இல்தான் வந்தது, பெயர் எல்லிஸ் தீவை நினைத்து வைத்தது, யானை ஏன் என்றால் 1884-இல் ப்ரூக்ளின் பாலம் தாங்குமா என்று ஜனங்களுக்குக் காட்ட சர்க்கஸ்காரர் பார்னம் 21 யானைகளை அதன்மேல் நடத்திக் கூட்டிப்போனாராம். தோற்கிற ராத்திரிகளில் எத்தனையோ குழந்தைகளை அழாமல் வீட்டுக்கு அனுப்பி வைத்தது இந்த யானை. என் வீட்டில் ஒன்று அதில் அடக்கம்.

மிச்சமிருப்பவர்கள் சட்டென்று: வியாழக்கிழமை ஏன் லீவு என்று கேட்காமல் சிரித்த என் மேனேஜர். ப்ளேஆஃப் மாசம் முழுக்கச் சமையலைப் பார்த்துக்கொண்ட வீட்டுக்காரர், அந்த ரசத்தைப் பற்றி இங்கே எதுவும் எழுதவில்லை. அட்லாண்டிக் அவென்யூ ஸ்டேஷனில் அன்று நள்ளிரவு அத்தனை கூட்டத்தையும் ஒரு தள்ளு முள்ளு இல்லாமல் வண்டியேற்றிய ஊழியர்கள். ஊர்வலத்தில் பிராட்வே ஓரமாக என் குட்டையான மகளைத் தூக்கிக் கம்பிவேலிப் பக்கம் நிறுத்திய அந்த உயரமான அண்ணன், கோப்பை கடந்து போன மூன்று நொடியை அவள் பார்த்தது உங்களால்தான்.

பக்கத்து அம்மா, உங்கள் ஸ்கார்ஃப் என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்கு இருந்த அமளியில் திருப்பித் தர மறந்துவிட்டேன், ஊர்வலத்திலும் உங்களைத் தேடினேன், கிடைக்கவில்லை. துவைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். மே மாதம் முதல் ஆட்டத்துக்குக் கொண்டுவருகிறேன்.