நீலக் கோடு வரை நடந்து பார்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே உன் நலம் அறிய ஆவல்.

செவ்வாய்க்கிழமை இரவு நீ நியூசிலாந்திலிருந்து போன் செய்து, பூகம்பத்தில் கட்டில் ஆடியது, டம்ளரில் தண்ணீர் தளும்பியது என்று சொன்னாய். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. "வெலிங்டனும் வேண்டாம், வேலையும் வேண்டாம், அவளைத் திரும்பி வரச் சொல்லுங்கள்" என்று காலையில் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை சொல்கிறாள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. ஆனால் உனக்கு ஒரு பதில் கடன் வைத்திருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. உனக்கு எட்டு வயது. தேவனாம்பட்டினம் பக்கமிருந்து ஜனங்கள் ஈரத் துணியோடு, செருப்பில்லாமல் நம் தெரு வழியாக ஓடி வந்ததை நீ என் இடுப்பைக் கட்டிக்கொண்டு பார்த்தாய். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது உன் வகுப்புத் தோழி ஒருத்தி வரவில்லை. அன்று இரவு நீ கேட்டாய்: "பூமி எங்கேயோ ஆடினால் கடல் ஏன் நம் ஊருக்கு வர வேண்டும்?" பாட்டி கடல் மாதாவின் கோபம் என்றாள். நான் "தெரியவில்லை பாப்பா, தூங்கு" என்றேன். உண்மையாகவே தெரியாது. பிறகு நான் வேலை பார்த்த நெய்வேலிச் சுரங்கத்தில் நிலவியல் பிரிவில் இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு, புத்தகங்கள் வாங்கிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு இல்லை. பல பெரிய தட்டுகளாகப் பிளந்து கிடக்கிறது, எல்லாம் நகர்ந்துகொண்டிருக்கின்றன. கடலின் நடுவே நீண்ட மலைத்தொடர் போன்ற வெடிப்புகளில் உருகிய பாறை மேலே வந்து புதுத் தரையாக உறைகிறது. அந்தத் தரை விலகி விலகிப் பழசாகிறது, குளிர்கிறது, கனக்கிறது. கடைசியில் தன் எடையாலேயே இன்னொரு தட்டுக்கு அடியில் சாய்ந்து அமிழ்கிறது. கிணற்றுச் சுவரில் ஈர வேட்டியைப் போட்டு, ஒரு முனை உள்பக்கம் அதிகம் தொங்கிவிட்டால் என்ன ஆகும்? கொஞ்சம் கொஞ்சமாக முழு வேட்டியையும் இழுத்துக்கொண்டு போகும் அல்லவா? தட்டுகள் நகர்வதற்கு இந்த இழுப்புதான் முக்கியக் காரணம் என்கிறார்கள்.

நம் இந்தியத் தட்டின் ஓரம் கடலூர் கரையில் இல்லை, பாப்பா. வங்காள விரிகுடாவைத் தாண்டி, அந்தமானுக்கும் சுமத்ராவுக்கும் மேற்கே இருக்கிறது. அங்கே நம் தட்டு பர்மா தட்டின் அடியில் புகுகிறது. சும்மா வழுக்கிக்கொண்டு போனால் பரவாயில்லை. பாறையும் பாறையும் கவ்விக்கொள்கின்றன. கீழே போகும் தட்டு மேலே இருப்பதன் விளிம்பையும் சேர்த்து இழுத்து வளைக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் வளைந்தது அன்று காலை நம் கடிகாரத்தில் 6.29 மணிக்கு விட்டுக்கொடுத்தது. ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கவ்வல் கிழிந்தது. ரிக்டர் அளவுகோலுக்குப் பின் வந்த புது அளவுகோலில் அந்தப் பூகம்பம் 9.1. விளிம்பின் மேற்குப் பக்கம் கடல் தரை மீட்டர் கணக்கில் எம்பியது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால்தான் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இருந்த நம் பக்கம் முதலிலேயே ஏறி வந்தது. உள்வாங்கும் கடலைப் பார்த்து ஓடலாம் என்ற எச்சரிக்கைகூட நமக்கு அன்று இல்லை. ஆனால் ஒன்று இருந்தது. அந்த அலை இங்கே வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! அந்த நேரத்தில் தேவனாம்பட்டினத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் சொல்ல ஒருவரும் இல்லை. இன்றும் எனக்கு ஆறவில்லை.

உன் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். இருபது ஆண்டுக்கு மேல் தாமதம்.

இனி அம்மா சொல்வதற்கு வருகிறேன். நம் ஊர் மண் ஆடாத மண், அங்கே ஆடும் மண் என்கிறாள். நெய்வேலியில் 33 வருஷம் வேலை பார்த்தவன் சொல்கிறேன், ஆடாத மண் என்று ஒன்று இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி நான் வைத்திருக்கும் பழுப்பு நிலக்கரித் துண்டு உனக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீரில் இல்லாவிட்டால் காய்ந்து வெடித்து உதிர்ந்துவிடும். அதில் மரத்தின் நரம்பு அப்படியே தெரியும், நகத்தால் கீறினால் சிராய் வரும். நம் கேப்பர் மலையின் செம்மணலுக்கும் சுரங்கத்து மேல்மண்ணுக்கும் ஒரே பெயர், கடலூர் மணற்கல். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களும் அந்தப் பாறையில் கிடைத்தவைதான். எல்லாம் இரண்டு கோடி ஆண்டுக் கணக்கு. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண் இத்தனை ஆழம் நிரம்ப ஒரு பள்ளம் வேண்டாமா? அந்தப் பள்ளத்தைக் கொடுத்தது தட்டு பிளந்ததுதான். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் கரையோடு ஒட்டியிருந்தது அண்டார்டிகா. அது விலகிப் போனபோது நிலம் கிழிந்து இறங்கியது, கடல் உள்ளே வந்தது. அரியலூரில் கிடைக்கும் நத்தை போன்ற சுருள் ஓடுகள் அந்தக் கடலில் பிறகு வாழ்ந்தவை. மத்திய இந்தியப் பழங்குடிகளான கோண்டுகளின் நாட்டுப் பெயரை வைத்து அந்தப் பழைய நிலத்தைக் கோண்டுவானா என்கிறார்கள். நீ இப்போது நிற்கும் நியூசிலாந்தும் அதில் ஒரு ஓரம்தான். எட்டு கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து போயிற்று. பங்காளி வீட்டுக்குத்தான் போயிருக்கிறாய் என்று அம்மாவிடம் சொன்னேன். முறைத்தாள்.

பிரிந்த பிறகு நம் நிலம் வேகமாக வடக்கே ஓடியது. ஒரு காலத்தில் வருஷத்துக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல். ஆசியாவில் போய் முட்டியதில் இடையில் இருந்த கடலின் தரை மடிந்து எழுந்து இமயமலை ஆயிற்று. எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலடிச் சுண்ணாம்புக்கல். முட்டிய பிறகும் நிற்கவில்லை, இன்றும் வருஷத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் போகிறோம். நீ பிறந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால், நம் வீடு திண்ணையோடு சேர்ந்து ஒன்றரை மீட்டர் வடகிழக்கே நகர்ந்துவிட்டது.

உன் ஊர் இருப்பது ஆஸ்திரேலியத் தட்டின் ஓரத்தில். கீழே இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் பசிபிக் தட்டு சாய்வாகப் புகுந்துகொண்டிருக்கிறது. இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் சேர்த்து ஒரே தட்டாகத்தான் முன்பு எழுதினார்கள். இப்போது நடுவில் பிரிகிறது என்கிறார்கள். 2012 ஏப்ரலில் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் ஆடியது, சென்னையில் அலுவலகங்களை விட்டு ஜனங்கள் தெருவுக்கு வந்தார்களே, அது அந்தப் பிரிவினையின் சத்தம்.

பேசின் ரிசர்வ் மைதானத்தைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் நின்று பார். 1855-க்கு முன் அது நீர் நிறைந்த தாழ்நிலம். கால்வாய் வெட்டித் துறைமுகத்தோடு இணைத்துக் கப்பல் நிறுத்தத் திட்டம் போட்டிருந்தார்கள். அந்த ஜனவரியில் வந்த பெரிய பூகம்பத்தில் தரை ஓர் ஆள் உயரம் மேலே வந்துவிட்டது. கப்பலுக்கு நினைத்த இடத்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஒரே இரவில் நிலம் எழுவதை அந்த ஊர் ஜனங்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

பார்த்தவர்கள் என்பதால்தான் அவர்களை நான் நம்புகிறேன். டி பாப்பா அருங்காட்சியகம் தரையில் நேராக உட்காரவில்லை. ரப்பரும் எஃகுத் தகடும் மாறி மாறி அடுக்கி, நடுவில் அம்மிக் குழவி போல் ஈயத்தைச் செருகிய தாங்கிகள் மேல் நிற்கிறது. அதைக் கண்டுபிடித்த பில் ராபின்சன் அந்த நாட்டுக்காரர். அங்கேதான் தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கல மணி ஒன்றும் இருக்கிறது. முகைதீன் பக்ஷ் என்பவருடைய கப்பல் மணி. மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததை ஒரு பாதிரியார் பார்த்து வாங்கினாராம். எந்தத் துறையிலிருந்து புறப்பட்ட கப்பலோ, பரங்கிப்பேட்டையாக இருக்கக்கூடாதா என்று எனக்கு ஓர் ஆசை. அது காட்சியில் இருந்தால் எழுத்து தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பு.

இனி நான் சொல்வதை மட்டும் தட்டாமல் செய். கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் புத்தக அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கு, அல்லது இடம் மாற்று. ஆடும்போது வெளியே ஓடாதே, மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆடினாலும் சரி, நிற்க முடியாதபடி ஆடினாலும் சரி, நின்றதும் கிளம்பிவிடு. சங்கு ஊதும், போனில் செய்தி வரும் என்று காத்திருக்காதே. தட்டின் ஓரம் உனக்குக் காலடியிலேயே இருக்கிறது. நமக்குக் கிடைத்த இரண்டு மணி நேரம் உனக்குக் கிடைக்காது, நிமிஷங்கள்தான்.

உன் ஊர்த் தெருக்களில் சுனாமி எட்டாத இடத்தைக் காட்டத் தார்ச் சாலையில் நீலக் கோடு போட்டிருக்கிறார்கள். உன் வீட்டிலிருந்து அது எத்தனை நிமிஷ நடை? பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை நடந்து பார்த்து எழுது. அம்மாவிடம் அந்த எண்ணைத்தான் சொல்லப்போகிறேன்.

அன்புடன்
அப்பா