சதையும் சாத்தேயும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில், குச்சியில் கோத்துத் தணலில் சுடும் இறைச்சியான சாத்தேயைப் பற்றி, 'சாத்தே என்ற சொல் நம் சதையிலிருந்து பிறந்தது. ஆகவே அது தமிழன் தந்த உணவு' என்று போட்டிருந்தீர்கள். மலேசியாவின் காஜாங்கில் பிறந்து அறுபது வருடமாக அந்தப் புகையிலேயே கிடப்பவன் நான். இத்தனை நாளும் சொந்தச் சொத்தையா காசு கொடுத்து வாங்கித் தின்றேன்? தெரியாமல் போச்சே!

சதை என்று சிலர் சொல்வது உண்டுதான். ஹொக்கியன் பேசும் சீனரைக் கேட்டால், சாத்தே என்பது தங்கள் மொழியில் 'மூன்று துண்டு' என்பார். மலாயில் நம் கடை 'கெடாய்' ஆனதும் கப்பல் 'காப்பால்' ஆனதும் நமக்குப் போதாதா? ஜாவாவிலிருந்து வந்தவர்கள் அடுப்பு மூட்டி வளர்த்த பெயர் காஜாங் சாத்தே. சுமத்ராவின் பாடாங் பக்கம், தொட்டுக்கொள்ள வேர்க்கடலைக் குழம்புக்குப் பதில் அரிசிமாவு கரைத்த மஞ்சள் குழம்பு. பாலியில் அரைத்த மீனைச் சேராய் என்ற எலுமிச்சைப்புல் தண்டில் பிடித்துச் சுடுகிறார்கள். இந்தோனேசியாவின் மதுரா தீவிலும் பேர்போன சாத்தே உண்டு. தயவுசெய்து அதை மதுரை என்று எழுதிவிடாதீர்கள்.

என் அப்பா மாட்டிறைச்சி தொடமாட்டார். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் சாத்தே விற்ற மலாய்க்காரப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்போம், அவர் தலையைக் கண்டதும் தணலில் ஓர் ஓரத்தை ஒதுக்கி, கோழிக் குச்சிகளை மட்டும் அங்கே அடுக்குவார். அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. பாக்சிக் நுனி நசுக்கிய சேராய்த் தண்டால் எண்ணெய் தொட்டுத் தடவி, ஓலை விசிறியால் வீசிக்கொண்டே இருப்பார். சாப்பிட்டு முடித்தால் தட்டில் கிடக்கும் குச்சியை எண்ணித்தான் கணக்கு. நான் இரண்டைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதும் அவருக்குத் தெரியும். அந்த மனிதரிடம் போய் 'இது எங்களுடையது' என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கு வரலாம்.

போன தீபாவளி மலரில் தேங்காய்ப்பாலில் வேகும் மலாய்ச் சோறான நாசி லெமாக் நம் தேங்காய்ச் சாதத்தின் தம்பியானது. அப்போது நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டினீர்கள். வெட்டிய பாதியில்தான் விஷயமே இருந்தது. இந்த முறை சாத்தே செய்முறையில் சேராயும் இல்லை, லெங்குவாஸ் என்ற பேரரத்தையும் இல்லை. கரம் மசாலா இரண்டு கரண்டி. படத்தில் இறைச்சிக்கு நடுவே குடைமிளகாய் செருகியிருக்கிறது. சொல்லை நமதாக்கியது பற்றாதென்று சுவையையும் நமதாக்கிவிட்டீர்கள் போலும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிலோ கோழிக்கு நாலு தண்டு சேராய் இடித்துப் போட வேண்டும் என்று அடுத்த இதழில் ஒரு வரி. குடைமிளகாயை எடுத்துவிடச் சொல்லி இன்னொரு வரி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
காஜாங்.