பாப்பாவுக்கு, வகிடு பற்றி

பாப்பா,

சாப்பிட்டாயா? அங்கே குளிர் குறைந்ததா? ஈரத் தலையோடு வெளியே போகாதே.

நேற்று எதிர்வீட்டுப் பையன் புவியியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, வாட்டர்ஷெட்ல ஷெட் எதுக்கு, மாடு கட்டவா?" என்றான். 31 வருஷம் பாடம் நடத்தியவனுக்கு அது தெரியவில்லை. அகராதியை எடுத்தால், கொட்டகைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இந்த ஷெட் என்றால் பிரிவு. வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்துப் பேச்சில் தலை வகிட்டுக்கே ஷெட் என்றுதான் பெயர். ஜெர்மன்காரர்களின் வாஸர்ஷைடெயை, அதாவது தண்ணீர்ப் பிரிவை, பார்த்துச் செய்துகொண்ட சொல் என்கிறார்கள். தண்ணீருக்கு எடுத்த வகிடு, அவ்வளவுதான். பிறகுதான் அமெரிக்காவில், நீர் வடிகிற நிலம் முழுவதற்கும் அதே பெயர் ஆனது. நம் ஊர் வாட்டர்ஷெட் திட்டமெல்லாம் அந்த அர்த்தம்.

உன் லீட்ஸுக்குப் பக்கத்துப் பென்னைன் மலையையே அவனுக்கு வரைந்து காட்டினேன். இந்தச் சரிவில் விழும் மழை ஏர் ஆற்றில் இறங்கி உன் ஊர் வழியாக வட கடலுக்கு, அந்தச் சரிவில் விழுவது ரிப்பிள் ஆற்றோடு ஐரிஷ் கடலுக்கு. என் மகள் அங்கேதான் இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளாமல் விடுவேனா.

அம்மா போனபிறகு நான் உனக்குத் தலை வாரிய முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? நெற்றியில் நேராகத்தான் ஆரம்பித்தேன், உச்சிக்குப் போவதற்குள் வகிடு இடது காதைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அப்படியே பள்ளிக்கூடம் போனாய். அன்றைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அழுத்தக்காரி. மூன்று வாரமாக ஃபோன் இல்லை. மாப்பிள்ளையும் எடுப்பதில்லை, வேலை இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

அதே ஜெர்மன் வேரில் ஷைடுங் என்று இன்னொரு சொல் இருந்தது. விவாகரத்து. அகராதியை மூடிவிட்டேன்.

போகியன்று நீ அழுதபோது, எல்லா வீட்டிலும் இருப்பதுதான், அனுசரித்துப் போ என்றேன். பால் பொங்குகிறது என்று ஃபோனை வைத்தேன். பால் பொங்கவில்லை பாப்பா, அடுப்பே பற்றவைக்கவில்லை. நீ அடுத்து என்ன சொல்லப்போகிறாயோ என்று பயந்துவிட்டேன். அப்பன் செய்கிற காரியமா அது?

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, மின்விசிறியும் மாற்றிவிட்டேன். வருவதென்றால் வா, காரணம் எதுவும் சொல்லவேண்டாம். டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பட்டுமா?

சாப்பிடு. தலையைத் துவட்டிவிட்டுப் போ.

அப்பா