சுமதிக்கு, நீ அனுப்பின வொம்பட் படம் பற்றி

தெஹிவளை

அன்பின் சுமதி,

உன்ர கடிதமும் படங்களும் கிடைச்சுது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு எங்கட வீட்டில எல்லாருக்கும் சந்தோசம். குடும்பக் கதையைத் தொலைபேசியில கதைப்பம். இப்ப எழுத இருத்தினது அந்த வொம்பட் படம்தான், அவுஸ்திரேலியாவில வளை தோண்டி வாழுற அந்தப் பைமிருகத்தின்ர படம்.

நீ நினைச்சமாதிரி அது நெருப்புக் காயம் இல்லை. பட்டப்பகலில வெளியில நிண்டு மேயுது, கிட்டப் போயும் ஓடேல்லை, கண்ணையும் காதையும் சுத்தித் தோல் தடிச்சு வெடிச்சிருக்கு. அது சார்கொப்டிஸ் எண்ட நுண்ணிய பூச்சியால வாற சொறி. பேராதனையில மிருக வைத்தியம் படிக்கேக்க தெருநாயின்ர தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டிக்குக் கீழ வைச்சுப் பாத்தமே, அதே பூச்சி. மனிசருக்குச் சிரங்கு தாறதும் அதே இனம்தான். நூறுக்கு மேற்பட்ட பாலூட்டி இனங்களில இதைக் கண்டிருக்கினம்.

பெண் பூச்சி தோலுக்குள்ள சுரங்கம் தோண்டி முட்டையிடும். ரெண்டு மூண்டு கிழமையில அடுத்த தலைமுறை வந்திடும். மிருகத்தைக் கொல்லுறது கடி மட்டும் இல்லை. மயிர் கொட்டி உடம்புச் சூடு போகுது, வெடிச்ச தோலுக்குள்ளால கிருமி ஏறுது, சொறிஞ்சு சொறிஞ்சு நித்திரை கெட்டுப்போகுது. இழந்த சக்தியை இரவு மேய்ச்சலால ஈடுசெய்ய ஏலாமல்தான் பகலிலும் வெளியில வருது.

வொம்பட்டுகள் பெரும்பாலும் தனியத் திரியிற சாதி. ஆனால் வளைகளை மாறி மாறிப் பாவிக்குங்கள். உடம்பை விட்டு விழுந்த பூச்சி வெக்கையிலும் காய்ஞ்ச இடத்திலும் கெதியாச் சாகும். குளிரும் ஈரமுமான வளைக்குள்ள நாட்கணக்கில உயிரோட கிடந்து, அடுத்துப் படுக்க வாறதில ஏறும். டஸ்மானியாவில நராவ்ன்டாப்பு தேசியப் பூங்காவில 2010 க்கும் 2017 க்கும் இடையில வொம்பட்டுகள் ஏறக்குறைய 94 வீதம் குறைஞ்சு போச்சு.

இயற்கை தன்ர பாட்டில பாத்துக்கொள்ளும், மனிசர் தலையிடக் கூடாது எண்டு உன்ர மகன் சொன்னதா எழுதியிருக்கிறாய். நரியளைப் பொறுத்தவரை அவன் சொல்லுறதில நியாயம் இருக்கு. பிரிஸ்டல் நகரத்தில 1994 இல சொறி வந்து ரெண்டு வருசத்துக்குள்ள 95 வீதத்துக்கு மேல நரியள் செத்துப்போச்சு. சுவீடனில எழுபதுகளில வந்து நாடு முழுக்கப் பரவி, நரியள் குறைய முயலுகள் பெருகிச்சுது. பிறகு நரியள் மெல்ல மெல்ல மீண்டு வந்திட்டுது. பரந்த நிலத்தில பெருந்தொகையா வாழுற இனம் இப்பிடித் தப்பும்.

ஆனால் இதை இயற்கை எண்டு மட்டும் சொல்ல எனக்கு மனம் வரேல்லை. அவுஸ்திரேலியாவுக்கு இந்தப் பூச்சி ஐரோப்பியரோடையும் அவையின்ர நாய்களோடையும் வந்தது எண்டதுதான் பரவலான கருத்து. ஆர்ஜென்டீனாவின்ர சான் கில்லெர்மோ பூங்காவில 2014 இல தொடங்கின சொறி, லாமாவின்ர காட்டுச் சொந்தமான விக்குனாக்களை வாரிக்கொண்டு போச்சு. பக்கத்தில வளர்க்கக் கொண்டுவந்த லாமாக்களிட்ட இருந்து வந்திருக்கலாம் எண்டு ஆய்வாளர் சொல்லுகினம். விக்குனா போக, பூமா அடிச்சு விடுற மிச்சம் இல்லாமல் போச்சு. அதைத் தின்ன வாற கொண்டோர் கழுகுகளும் வாறதை விட்டிட்டுதுகள். எல்லாத்தையும் விடக் கொடுமை அமெரிக்காவின்ர மொன்டானாவில நடந்தது. ஓநாயை ஒழிக்கவெண்டு, பிடிச்ச ஓநாய்க்குச் சொறியைத் தொத்த வைச்சுத் திரும்பக் காட்டில விடச்சொல்லி 1905 இல சட்டமே போட்டினம். அந்த வேலையை ஒப்படைச்சது மிருக வைத்தியரிட்ட, சுமதி. எங்கட தொழில் செய்யிற ஆக்களிட்ட. அதைப் படிச்ச நாளில இருந்து எனக்கு ஆறுதலில்லை. நாங்கள் கொண்டுபோய்க் குடுத்த நோய்க்கு நாங்கள்தான் மருந்தும் குடுக்க வேணும்.

மருந்தும் இருக்கு. வளை வாசலில பிளாஸ்டிக் மூடியைக் கதவுமாதிரித் தொங்கவிட்டு, அதில சின்ன மூடியொண்டில மொக்சிடெக்டின் மருந்தை ஊத்தி வைக்கினம். வொம்பட் தள்ளிக்கொண்டு போகேக்க அது முதுகில கொட்டும். வாரக்கணக்கில இதைத் திருப்பித் திருப்பிச் செய்யவேணும், சலிப்பான வேலை. ஃப்ளூரலேனர் எண்ட இன்னொரு மருந்து ஒருதரம் ஊத்தினால் கனகாலம் நிக்கும் எண்டதால அதையும் இப்ப பாவிக்கினம். உங்கட பகுதியில அனுமதி பெற்ற வனவிலங்கு மீட்புக் குழு இருக்கும். நீ கண்ட இடத்தையும் நேரத்தையும் படத்தோட அவைக்கு இண்டைக்கே அனுப்பு. கையுறை இல்லாமல் தொடாதே.

இஞ்ச எனக்கும் இது வெளிநாட்டுக் கதையில்லை. ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ கொழும்பு 2018 இல ஈரநில நகரமாச்சுது. அத்திடிய சதுப்பு என்ர வீட்டுக்குக் கிட்ட. இந்த நகரத்துச் சதுப்புகளில இன்னும் மீன்பிடிப் பூனை எண்ட காட்டுப்பூனை வாழுது. அந்த ஓரத்திலதான் மயிர் கொட்டின தெருநாய்களும் குப்பை கிளறுது. பூனைச் சாதிக்கும் இந்தப் பூச்சி தொத்தும். ஆபிரிக்காவில சிவிங்கியிலும் சிங்கத்திலும் கண்டிருக்கினம். அதனால ஓய்வெடுத்த பிறகும் அந்த நாய்களை விடேல்லை. இப்ப உண்ணிக்குக் குடுக்கிற மாத்திரை இதுக்கும் நல்லா வேலை செய்யுது. மீன் துண்டுக்குள்ள வைச்சுக் குடுத்தால் பிடிக்கிற பாடும் இல்லை. பக்கத்துத் தெருப் பிள்ளையள் எந்த நாய் விழுங்கினது, எது துப்பினது எண்டு கொப்பியில எழுதித் தருகினம். சதுப்போரத்து நாய்க்குக் குடுக்கிற மாத்திரை பூனைக்கும் காவல் எண்டு நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறன். முடிச்சதும் உனக்கு அனுப்புறன், திருத்தித் தா. எங்கட பட்ச்சில எழுத்து உனக்குத்தான் நல்லா வரும்.

அடுத்த மாசம் எனக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை. அதுக்கு முதல் பதில் போடு.

அன்புடன்,
வசந்தி