கிரெடிட் கார்டு இல்லாதவர்களும் மாணவர்கள்தான்: ஹேக்கத்தான் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நடத்தி முடித்த இணையவழி ஏஐ ஹேக்கத்தானில் (குறித்த நேரத்துக்குள் நிரல் எழுதி ஒரு படைப்பைச் செய்து முடிக்கும் போட்டியில்) எங்கள் கல்லூரி அணிக்கு நேர்ந்ததைப் பற்றி ஏற்கெனவே மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். "தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது" என்று தானியங்கிப் பதிலும் உடனே வந்தது. இதை எழுதியதும் ஏஐதானா சார் என்று மாணவிகள் கேட்டார்கள். விஷயம் அதோடு நின்றுவிட்டதால் பொதுவில் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். தொடக்கநிலை மாணவர்களுக்கு என்று அறிவித்து நடத்தும் போட்டியில் வங்கி அட்டை இல்லாமல் நுழையவே முடியாத எந்தச் சேவையையும் கட்டாயமாக்காதீர்கள்.

"முன் அனுபவம் தேவையில்லை, கட்டணம் இல்லை" என்று நீங்கள் போட்டிருந்ததை நம்பித்தான் இரண்டாமாண்டு பி.எஸ்சி. கணினி அறிவியல் மாணவிகள் மூவரைப் பதிவு செய்யச் சொன்னேன். வெள்ளிக்கிழமை இரவு போட்டி தொடங்கியபோதுதான் விதிமுறைகளின் கடைசிப் பக்கம் தெரிந்தது. ஆதரவு நிறுவனத்தின் ஏபிஐயை, அதாவது அவர்களுடைய ஏஐயை நம் நிரலிலிருந்து இணையம் வழியே அழைக்கும் வசதியை, பயன்படுத்தாத படைப்புகள் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட மாட்டா. ஏபிஐக்குக் காசு உண்டு என்றாலும், குறிப்பிட்ட அளவு வரை பயன்படுத்த இலவச கிரெடிட் தருவார்கள். ஆனால் அதைப் பெறக் கணக்குத் தொடங்க வேண்டும். தொடங்க அட்டை எண் வேண்டும். "பணம் எடுக்கப்படாது, சரிபார்ப்புக்கு மட்டுமே."

அந்த இரவு என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஒரு மாணவியின் வீட்டில் இருந்தது அப்பாவின் ஜன்தன் கணக்கு ரூபே அட்டை. எண்ணைப் போட்டதும் ஏற்க முடியாது என்று வந்துவிட்டது. இன்னொருவருக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் வந்து விழும் கணக்கில் சொந்த டெபிட் கார்டு இருக்கிறது. ஆனால் 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். வைத்திருப்பவர்தான் திறந்துகொள்ள வேண்டும். திறக்கலாம் என்றால் ஓடிபி போவது அப்பாவின் எண்ணுக்கு. அவர் திருப்பூரில் நைட் ஷிப்டில் இருந்தார். உள்ளே போன் அனுமதி இல்லை. காலையில் வங்கிக்கே போகலாம் என்றால் அது இரண்டாவது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. உங்கள் 48 மணி நேரத்தில் எங்கள் ஊர் வங்கி ஒரு மணி நேரம்கூடத் திறந்திருக்கவில்லை.

மூன்றாமவர் தெரிந்த உரக்கடைக்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவரிடம் கிரெடிட் கார்டு உண்டு. நல்ல மனிதர், இவர்கள் செய்வதைப் பற்றியெல்லாம் விசாரித்திருக்கிறார். கடைசியில், "பணமே எடுக்க மாட்டாங்கன்னா அப்புறம் கார்டு எதுக்கும்மா?" என்று கேட்டாராம். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டார் மாணவி. எனக்கும் தெரியவில்லை. நீங்கள் சொன்னால் கடைக்காரரிடம் தெரிவித்துவிடுகிறேன்.

அவர் கொடுக்காததில் எனக்கு வருத்தம் இல்லை. யார் கேட்டாலும் அட்டை எண்ணைச் சொல்லாதே, ஏமாந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழை என்று எங்கள் ஆய்வகச் சுவரில் நாங்களே ஒட்டி வைத்திருக்கிறோம். அந்தச் சுவரின் கீழே உட்கார்ந்துதான் மாணவிகள் ஊரார் அட்டைக்கு அலைந்தார்கள்.

சாரிடமே கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் கௌரவ விரிவுரையாளர். ஆண்டில் பதினோரு மாதம்தான் சம்பளம். பன்னிரண்டாவது மாதம் நான் எப்படிக் கட்டுவேன் என்பது வங்கிக்குப் புரியாததால் கிரெடிட் கார்டு விண்ணப்பம் திரும்பிவிட்டது. அது தனிக்கதை, அதற்கு வேறு இடத்தில் மடல் எழுத வேண்டும்.

இவ்வளவுக்கும் அந்த மூவரும் செய்ததற்கு உங்கள் ஏபிஐ தேவையே இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம்தான் பயிர். 2018-ல் படைப்புழு வந்து காட்டையே தின்று போனதைப் பள்ளி வயதில் பார்த்தவர்கள் இவர்கள். சொந்தக் காட்டிலும் பக்கத்துக் காட்டிலும் தாங்களே போனில் எடுத்த படங்களை வைத்து, குருத்து தின்னப்பட்ட இலை எது, நல்ல இலை எது என்று பிரிக்க, மொபைல்நெட் என்ற சிறிய ஏஐ மாதிரியைப் பழக்கினார்கள். மொத்தமே ஏறக்குறைய 14 எம்பி. கூகுள் கோலாப் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைத்த ஜிபியு (மாதிரியை வேகமாகப் பழக்க உதவும் சில்லு) நடுவில் அறுந்தது, திரும்பப் பிடித்தார்கள். பழக்கி முடித்ததும் இணையம் இல்லாமலே பழைய அரசு மடிக்கணினியில் ஓடியது. வெயிலில் எடுத்த படங்களில் தடுமாறியது. ஏன் தடுமாறுகிறது என்றும் அவர்களே எழுதியிருந்தார்கள். எந்தத் தரவில் பழக்கினோம், எங்கே தவறுகிறது என்று தெரிந்துகொள்வதுதானே இந்தத் துறையின் முதல் பாடம்?

உங்கள் முடிவு: "தகுதி வரம்புக்கு உட்படவில்லை." பரிசு பெற்ற படைப்புகளைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை, அந்தப் பிள்ளைகளும் இரவெல்லாம் விழித்தவர்கள்தான். ஆனால் கேள்வியை வாங்கி ஏபிஐக்கு அனுப்பி, பதிலை அழகான பெட்டியில் காட்டும் செயலிக்கு "புதுமை" என்ற தலைப்பில் முழு மதிப்பெண் கிடைக்கும்போது, நடந்தது மாணவர் போட்டியா, ஆதரவு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் சேர்க்கும் முகாமா என்று கேட்கத் தோன்றுகிறது. பதிவு செய்யவே லிங்க்ட்இனில் உங்கள் பக்கத்தையும் ஆதரவாளர்கள் பக்கங்களையும் பின்தொடர வேண்டியிருந்தது. அதில் மட்டும் எங்கள் மாணவிகள் தகுதி வரம்புக்கு உட்பட்டிருந்தார்கள்.

எல்லோருக்கும் ஒரே அளவு கிரெடிட், ஆகவே சமவாய்ப்பு என்றும் சொல்வீர்கள். அதுவும் அவ்வளவு சரியில்லை. ஏபிஐக்குக் காசு டோக்கன் கணக்கில். டோக்கன் என்பது ஏஐ மாதிரி வாசகத்தை உடைத்துக்கொள்ளும் சிறு துண்டு. 2024-ல் ஓபன்ஏஐ நிறுவனம் தன் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது காட்டிய எடுத்துக்காட்டில், ஆங்கிலத்தில் 24 டோக்கன் ஆன வாசகம் தமிழில் 35 ஆனது. அதற்கு முன் வாசகத்தை உடைத்த முறையில் ஆங்கிலத்துக்கு 27, தமிழுக்கு 116. விவசாயிக்குத் தமிழில் பதில் சொல்ல நினைக்கும் அணியின் கிரெடிட்தான் முதலில் தீரும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முயற்சி நின்றுவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பஸ் ஏறிச் சென்னைக்கோ கோவைக்கோ போகாமல் கலந்துகொள்ள முடிகிற போட்டி எங்களைப் போன்ற கல்லூரிகளுக்குப் பெரிய விஷயம். அதனால்தான் கேட்கிறேன்: அட்டை கேட்கும் சேவையைக் கட்டாயமாக்காதீர்கள். ஆதரவு நிறுவனத்துக்கு விளம்பரம் வேண்டுமென்றால் அதன் ஏபிஐக்குத் தனிப் பரிசு வையுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. அல்லது, நீங்களே ஒரு கணக்குத் தொடங்கி, அணிக்கு ஒரு ஏபிஐ சாவி (கடவுச்சொல் போன்ற எழுத்துச் சரம்) என்று வரம்பு வைத்துப் பிரித்துக் கொடுங்கள். இரண்டும் முடியாது என்றால், அட்டை வேண்டும் என்பதை அறிவிப்பின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். நாங்கள் வேறு வேலை பார்த்துக்கொள்வோம்.

அடுத்த சுற்றுக்கான பதிவு விரைவில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறீர்கள். மாணவிகள் மறுபடியும் சேரலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதிவு திறக்கும் முன் விதிமுறைகளை முழுதாக வெளியிட்டு, இந்த மடலுக்கும் ஒரு மனிதரைக் கொண்டு பதில் எழுதச் செய்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்,
பெரம்பலூர் மாவட்டம்.